ஐட்லிங்கில் நடுக்கம்: நான்கு இன்ஜெக்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

ஜனவரி 6, மாலை (வாசகர் கேள்வி)

நான்கு சிலிண்டர் டீசல் கார், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை). 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நிறுத்தி ஐட்லிங்கில் விட்டால் ஸ்டியரிங், சீட், உள்கண்ணாடி எல்லாம் நடுங்குகிறது. 1,200 ஆர்பிஎம் தாண்டினால் அடங்கிவிடுகிறது. புகை இல்லை. பிக்கப் குறையவில்லை. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. மெக்கானிக் இரண்டு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கும் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார். மாற்றலாமா?

ஜனவரி 6, இரவு

மாற்றாதீர்கள். அதாவது, இப்போதைக்கு மாற்றாதீர்கள். கடைசியில் இன்ஜெக்டர்தான் என்று முடியவும் கூடும். ஆனால் காதால் மட்டும் கேட்டு நான்கையும் ஒரே மூச்சில் தள்ளிவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பல்லக்கை நால்வர் தூக்குகிறார்கள். நால்வருமே மெதுவாக நடந்தால் பல்லக்கு மெதுவாகப் போகும், ஆடாது. ஒருவர் நொண்டினால்தான் ஆடும். இன்ஜினும் அப்படித்தான். நான்கு இன்ஜெக்டரும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும், புகை வரும், சத்தம் மாறும். இப்படி உடம்பை உலுக்காது. உலுக்குகிறது என்றால் ஒன்று மட்டும் மற்ற மூன்றைப் போல இல்லை. அல்லது நால்வரும் சரியாகத்தான் நடக்கிறார்கள், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் இறுகிப்போய், வழக்கமான அதிர்வையே வண்டிக்குள் விடுகிறது.

என் வண்டியிலும் சில மாதங்களாக இதே நடுக்கம். ஆகவே அக்கறையோடு சொல்கிறேன், கொஞ்சம் சுயநலமும் உண்டு.

ஜனவரி 7

ஸ்கேனர் (காரின் கணினியைப் படிக்கும் கருவி) எல்லாம் அப்புறம். முதலில் எண்ணுங்கள்.

800 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 13 சுற்றுக்கு மேல். ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பினால் நொடிக்கு 13 தட்டு உணரலாம். மவுண்ட் என்றால் அதைவிட வேகமான, எண்ண முடியாத 'ர்ர்ர்' என்ற அதிர்வு. கண்ணை மூடி ஸ்டியரிங்கில் கை வைத்துப் பாருங்கள்.

ஜனவரி 7, இரண்டு மணி நேரம் கழித்து

மேலே எழுதியது தப்பு. கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் பிடித்துவிட்டார்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். ஆக 800 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 தடவை, நொடிக்கு 6 அல்லது 7. நான்கும் சேர்ந்தால் நிமிடத்துக்கு 1,600, நொடிக்கு ஏறக்குறைய 27. ஒன்று நொண்டினால் வருவது 'தட் தட் தட்' என்று நொடிக்கு ஆறேழு தட்டு. மேசையில் விரலால் வேகமாகத் தட்டினால் வரும் வேகம். மவுண்ட் விடும் அதிர்வு நொடிக்கு 27. அது விரலுக்கு எட்டாது.

இருபது வருடமாக இன்ஜினைக் குடைகிறேன், இரண்டால் வகுக்க மறந்துவிட்டேன்.

கையால் எண்ண வராவிட்டால் கைப்பேசியில் ஸ்லோ மோஷன் எடுங்கள். நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் கைப்பேசி என்றால், உள்கண்ணாடியின் ஓரத்தைப் படம் பிடித்து, ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த பெரிய ஆட்டத்துக்கும் இடையே எத்தனை பிரேம் என்று பாருங்கள். 36க்குப் பக்கத்தில் வந்தால் ஒரு சிலிண்டர். 9க்குப் பக்கத்தில் வந்தால் இன்ஜின் ஒழுங்காக எரிகிறது, தாங்கலில்தான் கோளாறு.

ஜனவரி 9

கேள்வி கேட்டவர் படம் எடுத்து எண்ணிவிட்டார். அவருக்கு 9. சந்தேகத்துக்கு இடமில்லாமல் 9, மூன்று தடவையும். இன்ஜெக்டரை மறந்துவிட்டு மவுண்டைப் பாருங்கள். திரவம் நிரப்பிய வகை என்றால் அடியில் கறுப்பாக ஒழுகிய தடம் இருக்கும். ரப்பர் வெடித்திருக்கிறதா, இன்ஜின் ஒரு பக்கம் தாழ்ந்து மவுண்டின் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் ஒரு விரல் உயரம் மெல்ல ஏற்றினால் பாரம் குறையும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மவுண்டின் நிலையைப் பார்க்க மட்டும்தான்.

அதே முறையில் என் வண்டியையும் படம் எடுத்தேன். 36.

ஊருக்கு உபதேசம் செய்தவன் வீட்டில்தான் நொண்டி இருக்கிறான்.

ஜனவரி 9, இரவு

"நீங்கள் எப்போதாவது இன்ஜெக்டரைக் கழற்றியிருக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கழற்றியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், 1ஆம் இன்ஜெக்டரின் அடியிலிருந்து காற்று கசிந்து 'சுஃப் சுஃப்' என்று சத்தம் வந்தது. சுற்றிலும் தார் போல கரி படிந்திருந்தது. அடியில் இருக்கும் செப்பு வாஷர்தான் காரணம். ஒன்றை மாற்றும்போது நான்கையும் மாற்றிவிடலாமென்று நானே கழற்றி, நான்கு புது வாஷர் போட்டுப் பூட்டினேன். பழைய வாஷர் மூன்றுதான் கைக்கு வந்தது, நான்காவது இன்ஜின் மேலிருந்து உருண்டு எங்கோ விழுந்துவிட்டது. மற்றபடி சுத்தமான வேலை. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கசிவில்லை.

ஜனவரி 10

ஸ்கேனர் மாட்டினேன். இன்ஜின் நன்றாகச் சூடானபின், ஏசி அணைத்து, ஐட்லிங்கில்:

1ஆம் சிலிண்டர் −1.1, 2ஆவது −0.7, 3ஆவது +2.9, 4ஆவது −1.1. அலகு, ஒரு ஸ்ட்ரோக்குக்கு மில்லிகிராம்.

இது என்னவென்று தெரியாதவர்களுக்கு: பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் வேகத்தை ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒவ்வொரு எரிப்புக்கும் அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரிந்ததும் வேகம் போதுமான அளவுக்கு ஏறாவிட்டால், அதற்குக் கொஞ்சம் அதிக டீசல் ஊட்டும். அதிகம் உதைக்கும் சிலிண்டருக்குக் குறைக்கும். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். ஐட்லிங்கில் ஒரு தடவைக்குப் போகும் டீசலே ஏறக்குறைய 5 முதல் 10 மில்லிகிராம்தான். அதில் 2.9 கூடுதல் என்றால், 3ஆம் சிலிண்டர் மற்றவர் சாப்பாட்டையும் சேர்த்துத் தின்றும் நொண்டுகிறது.

ஒரு பொறி. சில ஸ்கேனர்கள் இந்தப் பட்டியலைச் சிலிண்டர் எண் வரிசையில் காட்டாது, எரியும் வரிசையில் காட்டும். 1-3-4-2 என்று எரியும் இன்ஜினில் பட்டியலின் மூன்றாவது எண் உண்மையில் 4ஆம் சிலிண்டராக இருக்கலாம். அதனால் ஸ்கேனரிலிருந்தே ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்தேன். 1, 2, 4 ஒவ்வொன்றையும் நிறுத்தும்போது இன்ஜின் குலுங்கித் தடுமாறியது. 3ஐ நிறுத்தியபோது பெரிய வித்தியாசமே இல்லை. ஆக 3தான்.

ஆகவே 3ஆம் இன்ஜெக்டர் போய்விட்டது. எழுதிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 10, நள்ளிரவு

எழுதிக்கொள்ளாதீர்கள். அந்த எண் 3ஆம் சிலிண்டர் பலவீனம் என்கிறது, அவ்வளவுதான். ஏன் பலவீனம் என்று அது சொல்லாது. இன்ஜெக்டர் குறைவாகத் தெளித்தாலும் அதே எண், வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) போனாலும் அதே எண். காதால் கேட்டு நான்கு இன்ஜெக்டர் என்று சொன்ன மெக்கானிக்கைக் கேலி செய்துவிட்டு, நான் திரையைப் பார்த்து ஒரு இன்ஜெக்டர் என்று சொல்லிவிட்டேன். பெரிய வித்தியாசம் இல்லை.

ஜனவரி 11

"ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் லேசாகத் தளர்த்திப் பார்த்தால் போதுமே, இதற்கு எதற்கு ஸ்கேனர்?" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார்.

ஐயா, பழைய மெக்கானிக்கல் பம்ப் காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். ஸ்பேனரைப் போட்டு நட்டைக் கால் சுற்று விட்டால் டீசல் கொப்பளிக்கும், இன்ஜின் சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது, மாறாவிட்டால் அதுதான் குற்றவாளி. அருமையான முறை. காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஐட்லிங்கிலேயே ரெயிலில் 250 முதல் 300 பார் அழுத்தம் நிற்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 1,600க்கும் மேல் போகும். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அறுவை சிகிச்சைக்கான விஷயம் அது.

இன்னொன்று. பியெசோ வகை (மின்சாரம் பட்டால் விரியும் படிகத்தால் இயங்கும்) இன்ஜெக்டரில் இன்ஜின் ஓடும்போது மின் இணைப்பைப் பிடுங்காதீர்கள். திறந்த நிலையிலேயே நின்றுவிடலாம். டீசல் அடங்காமல் கொட்டி பிஸ்டன் போகும். சிலிண்டரை நிறுத்த வேண்டுமென்றால் ஸ்கேனர் வழியாக மட்டும்.

(காமன் ரெயில் பயணிகள் காருக்கு வந்தது 1997இல், ஆல்ஃபா ரோமியோ 156இல். அதற்கு முன்பிருந்த மெக்கானிக்கல் பம்பில் சிலிண்டர் வாரியாகத் திருத்தம் செய்ய யாருமில்லை, நொண்டினால் நொண்டியபடியே ஓடும். ஒரு வகையில் நேர்மையான இன்ஜின்கள்.)

ஜனவரி 13

ரிட்டர்ன் சோதனை. தெளிக்காத மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயை நான்கு இன்ஜெக்டரிலும் கழற்றி, தனித்தனி பாட்டிலில் விட்டு, ஐந்து நிமிடம் ஐட்லிங். உள்ளே தேய்ந்த இன்ஜெக்டர் அதிகம் திருப்பி விடும், அதன் பாட்டில் சீக்கிரம் நிறையும். நான்கும் ஏறக்குறைய ஒரே மட்டம். பார்க்க அழகாக இருந்தது, பயன் ஒன்றுமில்லை.

ஜனவரி 14

2ஆம் இன்ஜெக்டரையும் 3ஆம் இன்ஜெக்டரையும் இடம் மாற்றினேன். இரண்டுக்கும் புது வாஷர், பழைய துணியால் துளையைத் துடைத்தேன். இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டைப் புது இடத்துக்கு ஏற்றபடி ஈசியுவில் பதிந்தேன். அதைப் பதியாமல் விட்டால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை. கோளாறு இன்ஜெக்டரோடு போனால் இப்போது 2 காட்ட வேண்டும்.

3ஆவது +3.0.

இன்ஜெக்டர் நிரபராதி.

ஜனவரி 14, இரவு

அப்படியானால் கம்ப்ரஷன். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும். இன்று வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

ஜனவரி 17

க்ளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடாக்கும் பாகம்) துளை வழியாக மீட்டர் வைத்து, டீசல் வராதபடி துண்டித்துவிட்டுச் சுற்றினேன். 27, 27, 26, 27 பார். இதைவிடச் சமமாக வராது. 3ஆம் சிலிண்டரின் வால்வு, ரிங் எல்லாம் ஆரோக்கியம்.

இன்ஜெக்டர் நல்லது. சிலிண்டர் நல்லது. வண்டி மட்டும் நடுங்குகிறது.

வேறு கேள்விகளோடு காத்திருந்தவர்களுக்குச் சுருக்கமாக: ஆர்பிஎம் 750க்கும் 950க்கும் இடையே ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது என்றவருக்கு: அது வேறு நோய். ஸ்கேனரில் ரெயில் பிரஷரைப் பாருங்கள், அதுவும் கூடவே ஊஞ்சலாடினால் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வுதான் காரணம். அதற்கு முன் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு துண்டு தெளிவான குழாய் போட்டு, காற்றுக் குமிழ் ஓடுகிறதா பாருங்கள். ஃபில்டர் மாற்றியபோது ஓ-ரிங் சரியாக உட்காராமல் காற்று இழுப்பது மிகச் சாதாரணம். காலையில் மட்டும் முதல் ஒரு நிமிடம் நடுங்கி வெள்ளைப் புகை விடுகிறது என்றவருக்கு: க்ளோ பிளக். கறும்புகையோடு நடுக்கம் என்றவருக்கு: திறந்தே மாட்டிக்கொண்ட ஈஜிஆர் வால்வாக (எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) இருக்கலாம். ஆனால் அது பொதுவாக நான்கு சிலிண்டரையும் சேர்த்து மூச்சுத் திணற வைக்கும், ஒன்றை மட்டும் தனியாகப் பிடிக்காது. அதனால்தான் என் வண்டியில் அதை நான் தேடவில்லை.

ஜனவரி 18

"அந்த நான்காவது வாஷர் எங்கே?" என்று ஒரு வரியில் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உருண்டு விழுந்துவிட்டது என்று 9ஆம் தேதியே எழுதியிருந்தேனே. இழையை முழுதாகப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஜனவரி 18, மூன்று மணி நேரம் கழித்து

விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேனா என்று யோசிக்கிறேன். பார்க்கவில்லை. சத்தம் கேட்டதா? கேட்கவில்லை. மூன்றுதான் இருந்தது, ஆகவே ஒன்று விழுந்திருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் சொன்னேன். "இன்ஜெக்டரைக் கழற்றிப் பூட்டினீர்களே, அன்றிலிருந்தே வண்டி ஒரு மாதிரி இருக்கிறது என்று அப்போதே சொன்னேன்" என்றாள். சொன்னது உண்மை. டீசல் சரியில்லை என்று பதில் சொன்னதும் நினைவிருக்கிறது. மவுண்ட் புதிதாக இருந்தவரை அது நடுக்கத்தை விழுங்கிக்கொண்டிருந்தது போலும். மவுண்டும் வயசானபின்தான் எனக்கு உறைத்தது. "சில மாதங்களாக" என்று 6ஆம் தேதி எழுதியதை "இரண்டு வருடமாக" என்று திருத்திக்கொள்ளுங்கள்.

ஜனவரி 20

நான்கு இன்ஜெக்டரையும் எடுத்துவிட்டு, வெர்னியரின் ஆழம் அளக்கும் கம்பியை ஒவ்வொரு துளையிலும் விட்டேன். 1, 2, 4 மூன்றும் ஒரே ஆழம். 3 மட்டும் 1.5 மில்லிமீட்டர் குறைவு. பெட்டியிலிருந்து ஒரு புது வாஷரை எடுத்து அதன் தடிமனை அளந்தேன். 1.5.

டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியவில்லை, அடிப்பகுதி முழுக்க ஒரே கரி. நீளமான பிரஷ்ஷால் தேய்த்தேன். நடுவே செம்பு மின்னியது. 14ஆம் தேதி துணியால் துடைத்தவன் இதே துளைக்குள்தான் துடைத்தேன்.

எடுப்பதற்கு ஒரு மணி நேரம். வாஷர் ஓட்டைக்குச் சரியாக ஒரு கூம்பு முனை டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவி) மெல்லத் திருகி, செம்பில் கடித்ததும் நேராக இழுத்தேன். முனையில் கிரீஸ் தடவியிருந்ததால் தூள் ஒட்டிக்கொண்டது. டேப்பை ஆழமாக விடாதீர்கள், கீழே பிஸ்டன் இருக்கிறது. அப்புறம் இன்ஜெக்டர் உட்காரும் முகத்தை அதற்கென்றே இருக்கும் கட்டரால் கையால் இரண்டு சுற்று, அதிகம் வேண்டாம். மறுபடி ஆழம் அளந்தேன். நான்கும் ஒன்று.

ஜனவரி 21

1ஆவது −0.3, 2ஆவது 0.0, 3ஆவது +0.4, 4ஆவது −0.1.

கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் எண் தெரிகிறது.

நடந்தது இதுதான். பழைய வாஷர் 3ஆம் துளையின் அடியில் ஒட்டிக்கொண்டது, அதன் மேல் புது வாஷரைப் போட்டு இன்ஜெக்டரை இறுக்கினேன். கசிவில்லை, ஏனென்றால் செம்பின் மேல் செம்பு நன்றாகவே அடைக்கும். ஆனால் இன்ஜெக்டரின் மூக்கு 1.5 மில்லிமீட்டர் மேலே ஏறிவிட்டது. பிஸ்டன் தலையில் இருக்கும் குழிக்குள் போக வேண்டிய தெளிப்பு அதன் விளிம்பில் அடித்தது. டீசல் அளவு சரி, அழுத்தம் சரி, காற்று சரி, விழும் இடம்தான் தவறு. இன்ஜெக்டரை மாற்றினாலும் அந்த இடத்தில் உட்காரும் எதுவும் அதே உயரத்தில்தான் உட்காரும். க்ளோ பிளக் துளை வழியாக கம்ப்ரஷன் பார்த்தால் தெரியாது, ஏனென்றால் அங்கே உண்மையில் கசிவே இல்லை.

வேறு தடிமன் வாஷர் போட்டாலும் இதே கதை நடக்குமா என்று கேட்டவருக்கு: நடக்கும். ஒரே விட்டத்தில் பல தடிமன் விற்கிறார்கள். கழற்றியதை அளந்துவிட்டு வாங்குங்கள், கழற்றியது கைக்கு வந்திருந்தால்.

18ஆம் தேதி கேட்டவரிடம் மன்னிப்பு. இழையை முழுதாகப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஜனவரி 24

கேள்வி கேட்டவர் மவுண்டை மாற்றிவிட்டார். நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டதாம், ஆனால் பெல்ட் பக்கம் 'தடதட' என்று ஒரு துள்ளல் இருக்கிறது, அணைக்கும்போது ஒரு உதறல் என்கிறார்.

ஐட்லிங்கில், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கையைப் பாருங்கள். விறைப்பாக நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தால் ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) புல்லியைச் சந்தேகியுங்கள். பல டீசல் கார்களில் அந்தப் புல்லி ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மறுபக்கம் சும்மா சுழல வேண்டிய வகை. இன்ஜின் ஒவ்வொரு எரிப்புக்கும் வேகம் கூடிக் குறையும்போது, கனமான ஆல்டர்னேட்டர் தன்பாட்டுக்குச் சுழல அது விட்டுக்கொடுக்கும். உள்ளே இறுகிவிட்டால் ஒவ்வொரு துடிப்புக்கும் பெல்ட்டை இழுத்து உதறும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெல்ட்டைக் கழற்றி, அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். அதே பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் சுற்றும் வண்டி என்றால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

ஜனவரி 26

பெல்ட் இல்லாமல் அமைதியாக ஓடியதாம். புல்லியைக் கையால் திருப்பினால் இரண்டு பக்கமும் பிடிக்கிறதாம். அதேதான்.

பிப்ரவரி 2

ஐட்லிங்கில் ஒன்றுமில்லை, 60இலிருந்து 80க்கு வேகமெடுக்கும்போது மட்டும் வண்டி பக்கவாட்டில் குலுங்குகிறது என்பவருக்கு: குலுங்கும்போதே ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பாருங்கள். உடனே நின்றால், டிரைவ் ஷாஃப்டின் கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட்டைப் பாருங்கள். நியூட்ரலில் உருளவிட்டாலும் தொடர்ந்தால் சக்கரம். பிரேக் மிதித்தால் மட்டும் வந்தால் டிஸ்க். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் என்றால் கிளட்ச் அல்லது இரட்டை எடை ஃப்ளைவீல். எதிலும் அடங்காமல், பாரம் ஏற்றி மேட்டில் மிதிக்கும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுத்தால், ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். இன்ஜெக்டரைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.